சரிவகம் வரைந்த சபை உறுப்பினர்: ஓஹையோவில் ஐந்து நாள்

முதல் நாள்: மரக்குடிசை

முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்கு எடுத்தவள் நான். பித்தாகரஸ் தேற்றம் வரும்போதெல்லாம், புத்தகத்தில் உள்ள நிரூபணத்தை முடித்துவிட்டுக் கரும்பலகை ஓரத்தில் ஒரு சரிவகம் போடுவேன். "இது இன்னொரு வழி. இதைக் கண்டுபிடித்தவர் ஒரு அமெரிக்க ஜனாதிபதி" என்றதும் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

அப்படிச் சொன்னது சரியில்லை என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1876இல் அந்த நிரூபணம் அச்சானபோது ஜேம்ஸ் ஏப்ரம் கார்ஃபீல்டு ஜனாதிபதி இல்லை. ஓஹையோவின் வடகிழக்கு மூலையிலிருந்து வாஷிங்டனுக்குப் போன பிரதிநிதிகள் சபை உறுப்பினர். நம் வழக்கில் சொன்னால் எம்.பி. ஜனாதிபதியாக அவர் இருந்தது 200 நாள். சபையில் உட்கார்ந்திருந்தது 17 வருஷம். அந்த 17 வருஷத்தைப் பற்றி யாருமே பேசுவதில்லை என்ற ஆதங்கத்தில்தான் இந்தப் பயணம்.

மகன் கிளீவ்லண்டில் வேலை பார்க்கிறான். நம்மவர்கள் பலருக்கு இந்த ஊர் 1978 முதல் நடக்கும் தியாகராஜ ஆராதனையால் பழக்கம். எனக்கு ஊரைச் சுற்றியுள்ள இந்தக் கிராமங்கள்தான் வேண்டியிருந்தன. "அம்மா, நயாகரா போகலாம்" என்றான். "அது எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் மோர்லாண்ட் ஹில்ஸ் போகலாம்" என்றேன். ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தியும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

கார்ஃபீல்டு 1831 நவம்பர் 19 அன்று பிறந்தபோது இந்த இடத்துக்கு ஆரஞ்சு டவுன்ஷிப் என்று பெயர். பிறந்த வீடு இன்று இல்லை. அதேபோல் ஒன்றை மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே அறை. கட்டைகளுக்கு இடையிலுள்ள சந்துகளைப் பூசி அடைத்திருக்கிறார்கள். பட்டப்பகலிலும் உள்ளே ஒரு மங்கல். மரக்குடிசையில் பிறந்த அமெரிக்க ஜனாதிபதிகளில் கடைசி ஆள் இவர்தான்.

1833இல், காட்டுத்தீயை அணைக்கப் போராடிவிட்டு வந்த தகப்பனார் குளிர்கண்டு படுத்தார், எழவில்லை. ஜேம்ஸுக்கு அப்போது இரண்டு வயது நிரம்பவில்லை. தாயார் எலைசாவுக்கு நான்கு பிள்ளைகள், ஜேம்ஸ் கடைக்குட்டி. நிலத்தில் ஒரு பகுதியை விற்றுக் கடனை அடைத்து, மிச்சத்தில் அந்த அம்மாளே பாடுபட்டு நால்வரையும் வளர்த்தார். வாசற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பயணம் முழுக்க எலைசா அம்மாள் கூடவே வரப்போகிறார் என்று அப்போதே தோன்றியது.

இரண்டாம் நாள்: கால்வாய்

இன்று கயஹோகா பள்ளத்தாக்கு. ஓஹையோ–ஈரி கால்வாயின் கரையில் முன்பு கோவேறு கழுதைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதையில் இப்போது சைக்கிள் ஓட்டுகிறார்கள். 1825இல் வெட்டத் தொடங்கி 1832இல் முடித்த கால்வாய் இது. கிளீவ்லண்டில் ஏரிக்கரையில் தொடங்கி, தெற்கே ஓஹையோ நதிக்கரையிலுள்ள போர்ட்ஸ்மவுத் வரை 308 மைல். ரயில் வரும்வரை மாநிலத்தின் உயிர்நாடி இதுதான்.

1848இல் 16 வயதுப் பையன் ஜேம்ஸ் மாலுமி ஆகும் ஆசையில் கிளீவ்லண்டு துறைமுகத்துக்கு வந்தான். கப்பல்காரன் ஏசி விரட்டிவிட்டான். அப்புறம் ஒன்றுவிட்ட சகோதரனின் கால்வாய்ப் படகில் வேலை கிடைத்தது. படகின் பெயர் ஈவினிங் ஸ்டார். கரையில் நடந்து விலங்குகளை ஓட்டுவதுதான் முதலில் கொடுத்த வேலை. நீச்சல் தெரியாத பையன். ஆறே வாரத்தில் 14 தடவை தண்ணீரில் விழுந்தான்.

வாலி வியூ பக்கம் 38ஆம் எண் மதகு இன்றும் நிற்கிறது. இரண்டு பக்கமும் கற்சுவர், முன்னும் பின்னும் கனத்த மரக்கதவுகள். படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். பேத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "தாண்டிக் குதிச்சிடலாம் பாட்டி" என்றாள். பகலில் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. மழை இரவில், விளக்கு இல்லாமல், படகின் ஓரத்தில் நின்று வடக்கயிற்றை இழுக்கும்போது இது வேறு இடம். அப்படி ஒரு இரவில்தான் அவன் விழுந்தான். கையிலிருந்த கயிறு தளர்ந்து தளர்ந்து வந்துகொண்டே இருந்தது. திடீரென்று எங்கோ சிக்கி இறுகியது. அதைப் பிடித்துப் படகில் ஏறிவிட்டான். ஏறியபின் பார்த்தால், கயிறு ஒரு பலகை இடுக்கில் மாட்டியிருந்தது. அதே கயிற்றை அதே இடுக்கில் மாட்டத் திரும்பத் திரும்ப வீசிப் பார்த்தான், ஒரு தடவைகூட மாட்டவில்லை. கடவுள் தன்னை எதற்கோ காப்பாற்றியிருக்கிறார் என்று அன்று எடுத்த முடிவைப் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

சில நாளில் முறைக்காய்ச்சல் கண்டு வீடு திரும்பினான். மாதக்கணக்கில் படுக்கை. எலைசா திட்டவில்லை, "கால்வாய்க்குப் போகாதே" என்றும் சொல்லவில்லை. உடம்பு தேறட்டும், ஒரு பருவம் பள்ளிக்குப் போய்ப் பார் என்று மட்டும் சொன்னார். தாயும் அண்ணனும் சேர்ந்து திரட்டிக் கொடுத்தது 17 டாலர். பள்ளிக்கூடம் விட்டு வேலைக்குப் போன பிள்ளைகளைத் திரும்ப அழைத்துவர எத்தனை வீட்டு வாசல்களில் நின்றிருக்கிறேன்! எலைசா பேசிய அந்த அளவான பேச்சு எவ்வளவு கடினமானது என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள்: ஹைரம்

குன்றின்மேல் சின்ன ஊர். மரங்கள், கல்லூரி, கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான். 1851இல் கார்ஃபீல்டு இங்கே படிக்க வந்தபோது கல்லூரிக்குப் பெயர் வெஸ்டர்ன் ரிசர்வ் எக்லெக்டிக் இன்ஸ்டிட்யூட். படிப்புச் செலவுக்கு அங்கேயே துப்புரவு வேலை பார்த்தார், தரை பெருக்கினார், மணி அடித்தார். அடுத்த வருஷமே பாடம் நடத்தவும் விட்டார்கள். மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கல்லூரிக்குப் போய் 1856இல் பட்டம் வாங்கித் திரும்பினார். 1857இல், 25 வயதில், பெருக்கிய அதே கல்லூரிக்குத் தலைவர். கூடப் படித்த லுக்ரீஷியா ருடால்ஃபை 1858இல் மணந்தார்.

1859இல் மாநில செனட். 1861இல் உள்நாட்டுப் போர் வந்ததும் ஹைரம் மாணவர்களையே திரட்டிக்கொண்டு 42ஆம் ஓஹையோ படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்றார். போர்க்களத்தில் இருக்கும்போதே 1862 அக்டோபரில் 19ஆம் தொகுதி மக்கள் அவரைச் சபைக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்த ஊர்கள் இவை. முகாமுக்குள் தப்பி வந்து ஒளிந்த ஒரு அடிமையைத் தேடிப்பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தபோது, முடியாது என்று மறுத்த அதிகாரி இவர். அப்படிப்பட்டவரைத்தான் அவர்களும் தேடினார்கள். புதுச் சபை கூட 1863 டிசம்பர் ஆகும் என்பதால் அதுவரை படையிலேயே இருந்தார். சிக்கமாகா போருக்குப் பின் மேஜர் ஜெனரல் பதவி வந்தது. அதை விட்டுவிட்டு வர மனமில்லை. ஜெனரல்கள் நிறைய இருக்கிறார்கள், ராணுவம் தெரிந்த சபை உறுப்பினர்தான் தேவை என்று லிங்கன் சொன்ன பிறகே இறங்கி வந்தார்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பிள்ளைகள். மூத்த மகள் எலைசா, வீட்டில் டிராட் என்று கூப்பிடுவார்கள். சபையில் அவர் அடியெடுத்து வைத்த அதே 1863 டிசம்பரில் இறந்தாள். மூன்று வயது. பாட்டியின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். இன்னொன்று எட்வர்டு, 1876 அக்டோபரில், இரண்டு வயதுகூட ஆகாமல். அங்கே நாங்கள் மூவரும் அதிகம் பேசவில்லை.

பிறகு கல்லூரிப் புல்வெளியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேத்தியின் நோட்டில் அந்தச் சரிவகத்தைப் போட்டேன். ஒரு செங்கோண முக்கோணம், பக்கங்கள் 3, 4, கர்ணம் 5. அதேபோல் இன்னொன்றை எடுத்து, ஒன்றின் 3ம் மற்றதன் 4ம் ஒரே கோட்டில் வரும்படி ஒட்டி வை. அந்தக் கோட்டின் நீளம் 7. இரண்டு பக்கமும் செங்குத்தாக ஒன்று 3, ஒன்று 4. மேல்முனைகளை இணைத்தால் சரிவகம். நடுவில் மிஞ்சுவது ஒரு முக்கோணம், அதன் இரண்டு பக்கமும் 5, நடுவில் செங்கோணம்.

"முழுச் சரிவகத்தின் பரப்பு என்ன?" என்றேன்.

"3ம் 4ம் கூட்டி, பாதி, பெருக்கல் 7. 24.5."

"துண்டு துண்டாகக் கூட்டு."

"6, 6, அப்புறம் 12.5." கொஞ்சம் நிறுத்தி, "பாட்டி, அதே 24.5!" என்று கத்தினாள். அந்த 12.5தான் கர்ணத்தின் வர்க்கத்தில் பாதி. எண்ணுக்குப் பதில் எழுத்தைப் போட்டால் தேற்றம் முடிந்தது. நாலு வரி.

சபையின் மற்ற உறுப்பினர்களோடு கணக்குப் போட்டுப் பொழுதுபோக்கியபோது இது பிடிபட்டதாம். நியூ இங்லண்டு ஜர்னல் ஆஃப் எஜுகேஷன் என்ற ஆசிரியர்களுக்கான பத்திரிகை 1876 ஏப்ரலில் இதைப் போட்டபோது, கட்சி வித்தியாசம் இல்லாமல் இரண்டு அவையினரும் ஒத்துப்போகக்கூடிய விஷயம் இது என்ற குறிப்பையும் சேர்த்தது. பேத்திக்கு வீட்டுப்பாடம்: 5, 12, 13 வைத்து அவளே செய்து பார்க்க வேண்டும்.

நான்காம் நாள்: மென்டர்

இன்று நிறைய எழுத வேண்டியிருக்கிறது, மணி பதினொன்று ஆகிவிட்டது.

மென்டரில் கார்ஃபீல்டு பண்ணை வாங்கியது 1876இல். தொகுதிக்குள் ஒரு வீடு வேண்டும், பையன்கள் வாஷிங்டனிலேயே வளர்ந்து மண்வெட்டி பிடிக்கத் தெரியாமல் போய்விடக்கூடாது. ஒன்பது அறைச் சின்ன வீட்டை 1880இல் பெரிதாக்கினார். இப்போது தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. வழிகாட்டிய ரேஞ்சர் பெண்ணுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். நான் சபைக் காலத்தைப் பற்றித்தான் கேட்க வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்து, அவருடைய படிப்பறையில் எங்களைக் கூடுதல் நேரம் நிறுத்தினார்.

அங்கே ஒரு நாற்காலி. நேராக உட்காருவதற்கான நாற்காலி இல்லை. ஒரு பக்கக் கைப்பிடியில் முதுகைச் சாய்த்து, மறுபக்கத்தின் மேல் கால்களைத் தொங்கவிட்டுக் குறுக்காகப் படுத்துப் படிப்பது அவர் பழக்கம். அதற்கேற்றபடியே செய்திருக்கிறார்கள். சுற்றிலும் புத்தகம். நாள்தோறும் டைரி எழுதினார், லத்தீன் கவிதை படித்தார், வரவு செலவுக் கணக்குகளையும் அதே ஆசையோடு படித்தார். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். சபையில் அவர் செய்ததெல்லாம் பெரும்பாலும் கணக்கு வேலை. ராணுவக் குழு, வங்கி மற்றும் நாணயக் குழு, 1871 முதல் 1875 வரை செலவினக் குழுவின் தலைவர். அரசாங்கம் எந்த இலாகாவுக்கு எத்தனை டாலர் கொடுக்கிறது, ஏன் கொடுக்கிறது என்று வரிவரியாகப் பார்க்கும் நாற்காலி அது. 1869இல் தங்கச் சந்தையைச் சிலர் கைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்த விவகாரத்தை விசாரித்ததும் அவர் தலைமையிலான குழுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை முறைப்படுத்த அவர் கொண்டுவந்த மசோதா செனட்டில் தோற்றது. ஆனால் அந்த யோசனைகள் 1880 கணக்கெடுப்பில் கைகொடுத்தன. கூட்டாட்சி அரசில் கல்விக்கென ஒரு துறை 1867இல் அமைந்ததற்கு மசோதா கொண்டுவந்தவரும் இவரே. ஆசிரியரின் மசோதா! அதைக் கேட்டபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அப்புறம் மில்லிகன் வழக்கு. லாம்டின் மில்லிகன் இண்டியானாக்காரர், எதிர்க்கட்சி, உள்நாட்டுப் போரையே எதிர்த்தவர். 1864இல் ராணுவ நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஊரில் சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும்போது ஒரு குடிமகனை ராணுவம் விசாரிக்கலாமா என்பது கேள்வி. 1866இல் மில்லிகன் தரப்புக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்று வாதாடியவர்களில் கார்ஃபீல்டு ஒருவர். அதுவரை எந்தக் கோர்ட்டிலும் ஒரு வழக்குகூட அவர் நடத்தியதில்லை. அதே ராணுவத்தில் ஜெனரலாக இருந்தவர். சொந்தக் கட்சிக்காரர்கள் ஆத்திரப்பட்டார்கள். ஒன்பது நீதிபதிகளும் ராணுவத் தண்டனை செல்லாது என்றார்கள். சட்டம் படிப்பவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்.

கறையையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் நியாயமில்லை. 1872இல் கிரெடி மொபிலியே ஊழல் வெடித்தது. யூனியன் பசிபிக் ரயில்பாதை போட்ட கம்பெனியின் பங்குகளைச் சபை உறுப்பினர்களுக்குச் சகாயமாகக் கொடுத்திருந்தார்கள். கார்ஃபீல்டின் பெயருக்கு நேரே 329 டாலர். அது கடன் என்றார் அவர். விசாரணைக் குழு அதை நம்பவில்லை. அவர் சொன்ன விளக்கம் எனக்கும் முழுத் திருப்தி தரவில்லை. 1873இல் உறுப்பினர்களின் சம்பளத்தை முன்தேதியிட்டு 5,000 டாலரிலிருந்து 7,500 ஆக்கிய சட்டம் வேறு. அந்தப் பிரிவை அவர் எதிர்த்தார், ஆனால் செலவினக் குழுத் தலைவராக மொத்த மசோதாவுக்கு ஓட்டுப் போட்டார். தன் பங்குப் பணத்தைக் கருவூலத்துக்கே திருப்பிக் கொடுத்தார். ராஜினாமா செய் என்று தொகுதிக்குள்ளேயே தீர்மானம் போட்டார்கள். அவர் ஓடி ஒளியவில்லை. விளக்கத்தை அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்தார், கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார். 1874இல் வித்தியாசம் குறைந்தது, ஆனால் ஜெயித்தார். மொத்தம் ஒன்பது தேர்தல், ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

முன் தாழ்வாரத்துக்கு வந்தோம். 1880 ஜூனில் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு, ஜனாதிபதி வேட்பாளராக ஜான் ஷெர்மனின் பெயரை முன்மொழியத்தான் போனார். 34ஆம் சுற்றில் விஸ்கான்சின்காரர்கள் இவருக்கு ஓட்டுப் போட ஆரம்பிக்க, எழுந்து ஆட்சேபித்தார். தலைவர் உட்கார வைத்துவிட்டார். 36ஆம் சுற்றில் 399 வாக்கு, வேட்பாளர் ஆகிவிட்டார். ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்பது வேட்பாளருக்கு அழகில்லை என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். அதனால் மக்கள் இங்கே வந்தார்கள். பண்ணைக்குப் பின்னால் போகும் ரயில்பாதையில் இறங்கி, வயல் வழியே நடந்து, இந்தப் புல்வெளியில் நின்றார்கள். 15,000க்கும் மேல். ஜெர்மானியர் கூட்டம் வந்தபோது ஜெர்மனிலேயே பேசினார். ஃபிஸ்க் பல்கலைக்கழகத்துக்காகப் பாடிய ஜூபிலி பாடகர்கள், கறுப்பினத்தவர்கள், இந்த வீட்டுக்குள் வந்து பாடினார்கள். உங்களுக்கு எதிராக நின்று ஜெயிப்பதைவிட உங்களோடு நின்று தோற்பதே மேல் என்று அவர்களிடம் சொன்னாராம். பின்கட்டில் இருக்கும் சின்ன அலுவலகத்தில் தந்தி இயந்திரம் வைத்திருந்தார்கள். நவம்பரில் அதன் வழியேதான் முடிவு வந்தது. சுமார் 90 லட்சம் ஓட்டில் வித்தியாசம் 10,000கூட இல்லை.

அந்த நவம்பரில் அவர் சபை உறுப்பினர். ஜனவரியிலேயே ஓஹையோ சட்டமன்றம் செனட்டுக்கும் தேர்ந்தெடுத்திருந்தது. இப்போது ஜனாதிபதி பதவியும். சபை உறுப்பினராக இருக்கும்போதே ஜனாதிபதியாகத் தேர்வானவர் இன்றுவரை இவர் ஒருவர்தான்.

எலைசா அம்மாளுக்கும் இந்த வீட்டில் ஓர் அறை. 1881 மார்ச் 4 அன்று பதவியேற்பைப் பார்க்க வாஷிங்டனுக்குப் போயிருந்தார். மகன் பிரமாணம் எடுத்ததும் தாயை முத்தமிட்டார். இந்த அறை வாசலில் கயிறு கட்டியிருக்கிறார்கள், எட்டித்தான் பார்க்க முடிந்தது. மகனுக்குப் பிறகும் ஆறு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார் அந்தத் தாய்.

லுக்ரீஷியா பிற்பாடு சேர்த்துக் கட்டிய நூலகம் மாடியில். மறைந்த ஒரு ஜனாதிபதியின் தாள்களையும் நூல்களையும் காக்க நாட்டில் முதன்முதலில் எழுந்த நினைவு நூலகம் இதுதான். காகிதங்களைத் தீயிலிருந்து காக்க ஒரு பெட்டக அறை. அதற்குள் விக்டோரியா மகாராணி அனுப்பிய மலர்வளையம், மெழுகு பூசிப் பத்திரமாக இன்னும் இருக்கிறது.

ஐந்தாம் நாள்: லேக் வியூ

காலையிலேயே கிளீவ்லண்டின் லேக் வியூ கல்லறைத் தோட்டம். குன்றின்மேல் 180 அடி உயரத்தில் மணற்கல் கோபுரம், 1890 மே 30 அன்று திறந்தது.

1881 ஜூலை 2. வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சார்லஸ் கிட்டோ என்பவன் பின்னாலிருந்து சுட்டான். வேலை கேட்டு அலைந்து கிடைக்காத ஆள். ஒரு குண்டு கையை உரசியது, இன்னொன்று முதுகில். டாக்டர்கள் கழுவாத விரலையும் கருவிகளையும் விட்டுக் குண்டைத் தேடினார்கள். கிரகாம் பெல் உலோகத்தைக் கண்டறியும் கருவியோடு வந்து தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. சீழ் பிடித்து, உடம்பு உருகி, செப்டம்பர் 19 அன்று நியூ ஜெர்சிக் கடற்கரையில் உயிர் போனது. 49 வயது. சிபாரிசுக்கு வேலை கொடுக்கும் முறைக்கு முடிவுகட்டத் தொடங்கிய பெண்டில்டன் சட்டம் 1883இல் வந்ததற்கு இந்தச் சாவும் ஒரு காரணம்.

கீழே நிலவறை. கம்பிக்கு அப்பால் இரண்டு பெட்டிகள் பக்கத்துப் பக்கத்தில், ஒன்றின்மேல் தேசியக் கொடி. மற்றது லுக்ரீஷியா, 1918இல் வந்து சேர்ந்தார். மண்ணுக்குள் புதைக்காமல் கண்ணெதிரே வைத்திருக்கிறார்கள். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே ஏறி வெளியே வந்தால் சுவரைச் சுற்றி ஐந்து சுடுமண் சிற்பப் பலகைகள், ஆள் உயரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். ஆசிரியர், படைவீரர், சபையில் பேசுபவர், பதவியேற்பவர், பிறகு அஞ்சலிக்கு வைத்த உடல். முதல் பலகையின் முன் அதிக நேரம் நின்றேன், மூன்றாவதன் முன் அதைவிட அதிக நேரம். கையை நீட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். அங்கேயே இன்னும் பத்து வருஷம் அவரை விட்டிருக்கலாம்.

மாடத்திலிருந்து பார்த்தால் தூரத்தில் ஈரி ஏரி, நீலமாக ஒரு கோடு. மாலுமியாக ஆசைப்பட்டு அந்தப் பையன் வந்து நின்ற தண்ணீர்.

திரும்பும் வழியில் மகன் வண்டியை ஓட்ட, பின் இருக்கையில் பேத்தி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது நோட்டை முன்னால் நீட்டினாள். கோடு 17, இரண்டு பக்கமும் 5, 12. முழுச் சரிவகம் 144.5. கீழே 30, 30, 84.5 என்று எழுதிக் கூட்டி, 144.5ஐ இரண்டு தடவை வட்டமிட்டிருந்தாள்.